நாளின் ஐந்து காலங்கள்

டோம்பிவிலியில் வசிக்கும் அன்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வங்கிப் பணியாளர், வயது நாற்பத்தேழு, மந்திர தீட்சை பெற்றுப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. கடிதத்துடன் ஓர் அட்டவணையையும் இணைத்திருந்தார். கணக்கு எழுதிப் பழகிய கை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. அலுவலகம் 9 மணி. வீட்டிலிருந்து மும்பை கோட்டைப் பகுதிக்குப் போகவும் வரவும் மூன்றரை மணி. உறக்கம் ஆறரை மணி. குளியல், உணவு முதலியன 2 மணி. வீட்டு வேலையும் குழந்தைகளின் படிப்பும் 2 மணி. செய்தித்தாள், கைபேசி 20 நிமிடம். (கைபேசிக்கு 20 நிமிடம் என்று எழுதுபவர் எவரையும் நான் இதுவரை முழுமையாக நம்பியதில்லை, அது இருக்கட்டும்.) கடைசி வரிசையில், மீதமிருந்த 40 நிமிடத்திற்கு எதிரே, ‘கடவுள்?’ என்று கேள்விக்குறியுடன் எழுதியிருந்தார்.

‘இந்த நாற்பது நிமிடமும் இரவு பதினொரு மணிக்குத்தான் கிடைக்கிறது. மாலையைக் கையில் எடுத்தால் பத்து மணி உருள்வதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. ஓய்வூதியம் பெறுபவர்களுக்கு மட்டுமே உரியவரா இறைவன்?’ என்று முடித்திருந்தார்.

வழக்கமாக எழுதும் பதிலை எழுதத் தொடங்கினேன்: அரை மணி முன்னதாக எழுந்திருங்கள், தொலைக்காட்சியைக் குறையுங்கள், மனமிருந்தால் மார்க்கமுண்டு. பாதி எழுதிய பிறகு அந்த அட்டவணையை மறுபடியும் பார்த்தேன். அதில் எனக்கு உறுத்தியது 40 நிமிடம் என்ற அளவன்று. ஏழில் ஒரு வரிசையாக, அதுவும் மற்றவை எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதைப் பெறும் வரிசையாக, இறைவன் அங்கே இருந்ததுதான். அப்படி ஒரு வரிசை இருக்கும்வரை, நாற்பது நிமிடத்தை நான்கு மணி நேரமாக உயர்த்தினாலும் மற்ற இருபது மணி நேரம் அவருக்கு வெளியேதான் நிற்கும்.

நம் முன்னோர்களும் நாளைப் பங்கிட்டார்கள். ஆனால் அவர்கள் வேறு விதமாகப் பங்கிட்டார்கள்.

பஞ்சகாலம் என்னும் பங்கீடு

பாஞ்சராத்திர ஆகமங்கள் ஒரு பக்தனின் நாளை ஐந்து காலங்களாகப் பிரிக்கின்றன. விடியற்காலையில் இறைவனை நெருங்கிச் செல்வது அபிகமனம். முற்பகலில் வழிபாட்டிற்கு வேண்டிய பொருள்களைத் தேடிச் சேர்ப்பது உபாதானம். நண்பகலில் அவற்றைக் கொண்டு ஆராதிப்பது இஜ்யை. பிற்பகலில் சாஸ்திரங்களைக் கற்பது ஸ்வாத்யாயம். இரவில் மனத்தை அவனிடம் ஒடுக்குவது யோகம். காஞ்சிபுரத்தில் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268–1369) தமது ‘ஸ்ரீ பாஞ்சராத்ர ரக்ஷை’ என்னும் நூலில் இந்த அன்றாட அனுஷ்டானத்தை விரித்துரைக்கிறார்.

வைணவர்களுக்கு மட்டுமே உரியது இது என்று எண்ணிவிட வேண்டாம். பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் பாதத்தின் இறுதியில் ஸ்ரீ சங்கரர் பாஞ்சராத்திரக் கொள்கையை ஆராய்கிறார். ஜீவன் வாசுதேவனிடமிருந்து உற்பத்தியாகிறான் என்ற கருத்தை அவர் கடுமையாக மறுக்கிறார். ஆனால் மறுப்பதற்கு முன்பு இந்த ஐந்து காலங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவ்வாறு இடைவிடாமல் ஒருமுகப்பட்ட மனத்துடன் இறைவனை வழிபடுவதில் தமக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார். தத்துவம் பயின்ற காலத்தில் நான் அந்தப் பகுதியில் மறுப்பைத்தான் தேடித்தேடிப் படித்தேன். ஆட்சேபமில்லை என்று அவர் விட்டுவைத்த வாக்கியத்தின் மேல் என் கண் நின்றதே இல்லை. பரீட்சையில் அதைக் கேட்கமாட்டார்கள்.

இந்தப் பங்கீட்டில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘என்னுடைய நேரம்’, ‘இறைவனுடைய நேரம்’ என்ற இரு தலைப்புகள் இதில் இல்லை. ஐந்தும் அவனுடையவை. அப்படியானால் அலுவலகம் எங்கே? ரயில் எங்கே? அவை உபாதானத்தில் இருக்கின்றன. குடும்பம் நடத்தப் பொருள் ஈட்டுவது இறைவனை மறந்திருக்கும் ஒன்பது மணி நேரமாகாது. நண்பகல் வழிபாட்டிற்குப் பூக்கூடையுடன் புறப்பட்டுச் சென்றிருக்கும் நேரம் அது.

காலையின் ஒரு கணம்

அபிகமனம் என்பதற்கு ‘எதிர்கொண்டு அருகே செல்லுதல்’ என்று பொருள். பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும் என்பது விதி. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரியோதயத்திற்கு இரண்டு முகூர்த்தம் முன்பு தொடங்கி ஒரு முகூர்த்தம் முன்பு முடிவது பிரம்ம முகூர்த்தம். ஆறு மணிக்கு உதயமென்றால் 4.24 முதல் 5.12 வரை. நம் நாட்டில் கடிகாரம் ஒன்று, உதயம் ஒன்றன்று என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஜூன் மாதத்தில் திப்ருகரில் காலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. துவாரகையில் ஆறு மணிக்குப் பிறகே உதிக்கிறது. ஆகவே அலாரத்தை நாலரைக்கு வைத்துவிட்டு அதுவே பிரம்ம முகூர்த்தம் என்று அசாமில் இருப்பவர் திருப்திப்பட முடியாது.

டோம்பிவிலி அன்பரிடம் நான் இதை வற்புறுத்தவில்லை. ஆறரை மணி உறக்கத்தில் கை வைத்தால் அது ஒரு வாரம் தாங்கும்; எட்டாம் நாள் பழைய நிலைக்கே திரும்பும். எந்த மணிக்கு எழுந்தாலும் எழுந்தவுடன் முதலில் யாரிடம் செல்கிறோம் என்பதுதான் அபிகமனம். கைபேசியை எடுத்து யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்க்கிறோமே, அதுவும் ஓர் அபிகமனமே. யாரை நோக்கி என்பதில்தான் வேறுபாடு. பத்து நிமிடம் போதும். ஆனால் அது முதல் பத்து நிமிடமாக இருக்கட்டும். இன்று செய்யப்போவது அனைத்தும் உன் வழிபாட்டிற்கான பொருள் சேகரிப்பு என்று அந்த நேரத்தில்தான் சங்கல்பம் செய்துகொள்கிறோம். அந்தச் சங்கல்பம் இல்லாவிட்டால் பிறகு வரும் ஒன்பது மணி நேரம் உபாதானம் ஆகாது, வெறும் உத்தியோகமாகத்தான் இருக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்று பல அலுவலகச் சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லியே ஜபத்தையும் தியானத்தையும் அடியோடு விட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். தொழில் தெய்வமாவதற்கு முன் தெய்வத்திடம் ஒரு தடவையாவது போய்வர வேண்டாமா?

பூக்கூடையில் எதை வைப்பது?

வேலையை உபாதானமாகக் கொள்வது இனிமையான கற்பனையாக நின்றுவிடக் கூடாது. அதற்குக் கட்டுப்பாடு உண்டு. பூஜைக்குப் பூப்பறிப்பவருக்குத் தெரியும்: வாடிய பூ கூடாது, மோந்து பார்த்த பூ கூடாது, பிறர் தோட்டத்தில் கேட்காமல் பறித்த பூ கூடவே கூடாது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும். இந்த மூன்றையும் அலுவலக மேசைக்குக் கொண்டு வந்து பார்ப்போம்.

காலை பத்து மணிக்குச் செய்ய வேண்டியதை மாலை ஐந்து மணிக்கு, வாடிக்கையாளரைப் பலமுறை அலையவைத்துச் செய்து முடித்தால் அது வாடிய பூ. பாராட்டு வருமா, மேலதிகாரி கவனித்தாரா என்று ஒவ்வொரு நிமிடமும் எண்ணிக்கொண்டே செய்த வேலை மோந்து பார்த்த பூ. சம்பளம் வாங்கும் நேரத்தில் சொந்தக் காரியம் பார்ப்பதும், இன்னொருவர் உழைப்பைத் தன் பெயரில் அனுப்புவதும் பிறர் தோட்டத்துப் பூக்கள். சாயங்காலம் அலுவலகத்தை விட்டு வெளியேறும்போது ‘இன்று என் கூடையில் வைக்கத்தக்கதாக என்ன சேர்ந்தது?’ என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். நேரத்தை எத்தனை நிமிடம் மிச்சப்படுத்தினோம் என்ற கணக்கைக் காட்டிலும் இந்தக் கணக்கு கடினமானது. நான்கு மணி நேரத்தில் செய்யக்கூடியதை இரண்டு மணி நேரத்தில் செய்துவிட்டு மீதி இரண்டு மணி நேரத்தில் பிறரைக் குறை பேசிக்கொண்டிருந்தால் நேர நிர்வாகப் புத்தகங்கள் நம்மைப் பாராட்டக்கூடும். கூடை காலியாகத்தான் இருக்கும்.

இஜ்யையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நண்பகலில் பூஜை செய்யும் வாய்ப்பு பணிக்குச் செல்பவர்களுக்கு இல்லை. ஆனால் நண்பகலில் உண்ணுகிறார்கள். டிபன் டப்பாவைத் திறந்து ஒரு கணம் நிவேதித்துவிட்டு, திரையைப் பார்க்காமல் உண்ணட்டும். அந்த டப்பாவை நிரப்பியவரின் அட்டவணை என்னிடம் வரவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அன்பருடைய மனைவி தம் நாளைக் கணக்கெழுதி அனுப்பியிருந்தால் அதில் ‘கடவுள்?’ என்ற வரிசைக்கு நாற்பது நிமிடம்கூட மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். விடியற்காலையில் அடுப்பின் முன் நிற்பவருக்கு உபாதானமும் இஜ்யையும் ஒரே இடத்தில் நடக்கின்றன. வீட்டு வேலையில் கணவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் அரைமணி, மனைவியின் ஜபத்திற்குக் கிடைக்கும் அரைமணி.

முப்பத்தைந்து நிமிடம்

ஸ்வாத்யாயத்திற்கு நேரமில்லை என்பவர்களுக்கு நான் எப்போதும் காந்தியடிகளின் சுயசரிதையில் வரும் ஒரு செய்தியைச் சொல்வது வழக்கம். 1903-ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஜோகன்னஸ்பர்க்கில் ஓய்வொழிச்சலில்லாத வழக்கறிஞர். பிரம்மஞான சபை நண்பர்களுடன் சேர்ந்து படிக்கும்போது கீதையில் மேலும் ஆழ்ந்து செல்ல வேண்டும் என்ற தாகம் அவருக்கு ஏற்பட்டது. தினமும் ஓரிரு சுலோகங்களை மனப்பாடம் செய்வது என்று முடிவு செய்தார். நேரம்? காலைக்கடன்களுக்கு அவருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும்: பல் துலக்கப் பதினைந்து, குளிக்க இருபது. பல் துலக்குவதை மேல்நாட்டு வழக்கப்படி நின்றுகொண்டே செய்வார். எனவே எதிர்ச் சுவரில் சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்தார். அன்றைய சுலோகத்தைக் கற்கவும் பழையவற்றை நினைவுபடுத்திக்கொள்ளவும் அந்த நேரமே போதுமானதாக இருந்தது. இவ்வாறு பதின்மூன்று அத்தியாயங்களை மனப்பாடம் செய்ததாக அவரே எழுதுகிறார்.

இந்த நிகழ்ச்சியைப் பலர் நேரத்தைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவதற்கு உதாரணமாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. சத்தியாக்கிரகப் பணி பெருகியபோது அந்த மனப்பாடம் நின்றுபோயிற்று. பதினெட்டு அத்தியாயமும் முடிக்கவில்லை. ஆனால் சுவரிலிருந்து மனத்திற்குள் சென்ற சொற்கள் உள்ளே வேலை செய்யத் தொடங்கின. அபரிக்கிரகம், சமபாவம் என்ற சொற்கள் தம்மைப் பற்றிக்கொண்டன என்கிறார். உடைமை கூடாது என்றால் என்ன? மனைவி மக்களும் உடைமைகளா? அலமாரி நிறைய இருக்கும் புத்தகங்கள்? கேள்விகள் வளர்ந்து வளர்ந்து, பம்பாயில் எடுத்திருந்த பத்தாயிரம் ரூபாய் ஆயுள் காப்பீட்டைக் காலாவதியாக விட்டுவிடும்படி நண்பருக்கு எழுதுவதில் போய் முடிந்தது. பல் துலக்கும் பதினைந்து நிமிடம் ஒருவரது வரவுசெலவுக் கணக்கையே மாற்றிவிட்டது. நாம் எல்லோரும் காப்பீட்டை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாதம் அதற்கு விளக்கக் கடிதங்கள் எழுத எனக்குத் தெம்பில்லை. கற்றது வாழ்க்கைக்குள் இறங்கினால்தான் அது ஸ்வாத்யாயம் என்பதையே சொல்கிறேன்.

மூன்றரை மணி நேர ரயில் பயணம் உள்ளவருக்கு இது பெரிய செல்வம். மும்பைப் புறநகர் ரயில்களில் தாளமும் டோலக்கும் கொண்டு பஜனை செய்துகொண்டே வேலைக்குப் போகும் குழுக்கள் பல்லாண்டுகளாக இருந்துவருகின்றன. நிற்கக்கூட இடமில்லாத பெட்டியில் அவர்கள் இறைவனுக்கு இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். கூட்டத்தில் புத்தகத்தை விரிக்க முடியாது என்பது உண்மையே. ஒரு சுலோகத்தை எழுதிய துண்டுச் சீட்டை விரிக்கலாம்.

கடைசிக் காலமான யோகம், உறங்கப் போகும் வேளை. சீக்கியர்கள் இரவில் சோஹிலாவை ஓதிவிட்டுப் படுக்கிறார்கள். விடியலில் ஜப்ஜி சாஹிப், அந்தியில் ரஹ்ராஸ் என்று அவர்களுடைய நாளும் பிரார்த்தனைகளால் கட்டப்பட்டதே. இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வருகிறதே என்று நம் அன்பர் வருந்துகிறார். வரட்டும். பத்து மணியுடன் உறங்கிப்போனால் மனம் அந்தப் பத்தின் மேல் படுத்து உறங்குகிறது. மாலையை முடிக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சியுடன் அன்னை மடியில் யாராவது உறங்குவார்களா?

திதி இல்லாதவர்

இதுவரை எழுதியது பதில் கடிதத்தில் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் இருந்த ஆசிரமத்திற்கு ஒரு முதியவர் வியாழக்கிழமைகளில் வருவார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மாலை நான்கு மணி அளவில் வந்து கால்மணி நேரம் உட்கார்ந்து, பெரும்பாலும் தம் பழைய பணி நாள்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். ஒரு முறை செவ்வாய்க்கிழமை வந்தார். நான் கர்ம யோகத்தைப் பற்றிய ஆங்கிலச் சொற்பொழிவு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அச்சுக்கு அனுப்ப இரண்டே நாள்கள் இருந்தன. பயன்கருதாத சேவையை விளக்கும் பத்தி. ஒரு வாக்கியம் சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. ‘இன்று சுவாமிக்கு நேரமில்லை’ என்று பிரம்மசாரி மூலம் சொல்லியனுப்பினேன். அவர் சந்நிதியில் வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய மனைவிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார் என்பது இரண்டு வாரங்களுக்குப் பிறகு எனக்குத் தெரியவந்தது. அவர் என்னிடம் உபதேசம் கேட்க வரவில்லை. வீட்டிற்குப் போவதற்கு முன்பு பத்து நிமிடம் யாருடனாவது உட்கார்ந்திருக்க வந்திருக்கிறார். பின்னர் அவரைப் பார்க்கப் போனபோது அதைப் பற்றி ஒரு சொல்கூடக் குறையாகச் சொல்லவில்லை. ‘வேலை நேரத்தில் வந்துவிட்டேன்’ என்று தம்மையே நொந்துகொண்டார். அந்த வாக்கியம் மறுநாள் நன்றாக அமைந்தது. அந்தப் பக்கம் அழகாகவே அச்சாயிற்று.

எங்கள் தலைமை சுவாமிஜியிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் விமர்சிக்கவில்லை. மறுநாள் முதல் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை பார்வையாளர் அறையில் உட்காரும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. காகிதமோ பேனாவோ கொண்டுபோகக் கூடாது என்பது நிபந்தனை. முதல் சில வாரங்களில் பல நாள்கள் ஒருவரும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை, நேரத்தை வீணாக்காதவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த பெருமையே எனக்குக் கற்றுத் தந்தது.

அந்த நாள்களில்தான் விஷ்ணு புராணத்தில் இல்லறத்தாரின் கடமைகளைக் கூறும் பகுதி வேறொரு காரணத்திற்காகக் கண்ணில் பட்டது. மூன்றாம் அம்சத்தில் வருகிறது. அன்றாட வழிபாடுகளை முடித்த இல்லறத்தான், தான் உண்பதற்கு முன்பு, வீட்டு முற்றத்தில் விருந்தினர் வரவை எதிர்நோக்கி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்? ஒரு பசுவைக் கறக்க ஆகும் நேரம்; விரும்பினால் அதற்கு மேலும். விருந்தினருக்கு ‘அதிதி’ என்று பெயர். திதி பார்த்து வராதவர் என்று அதற்கு வழக்கில் பொருள் சொல்வார்கள். ஐம்பெரும் வேள்விகளில் மனித வேள்வி என்பது அவரை வரவேற்று உபசரிப்பதே. எந்த நேரம் வருவார் என்று குறிக்க முடியாதவருக்காக நாள்தோறும் ஒரு நேரத்தைக் குறித்துவைத்திருக்கிறார்கள். பெரும்பாலான நாள்களில் அந்த முற்றத்தில் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். பசுவைக் கறக்கும் நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் உண்டிருப்பார்கள்.

டோம்பிவிலியிலிருந்து சென்ற மாதம் இரண்டாம் கடிதம் வந்தது. இம்முறையும் அட்டவணை உண்டு. காலையில் அபிகமனம் 12 நிமிடம். ரயிலில் கீதையின் பன்னிரண்டாம் அத்தியாயம்; இருபது சுலோகங்களில் பதினொன்று மனப்பாடம் ஆகிவிட்டனவாம். இரவு ஜபத்தில் இப்போதும் தூக்கம் வருகிறது. ‘கடவுள்?’ என்ற வரிசையை எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஒருநாள் சுலோகச் சீட்டைக் கையில் எடுத்தபோது, தினமும் உடன் வரும் இளைஞர் ஒருவர் தமக்கு வேலை போய்விட்டது என்றும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னாராம். வழக்கம்போல் புறப்பட்டு வந்திருக்கிறார். எங்கே இறங்குவது என்று அவருக்கே தெரியவில்லை. இறங்கும் நிலையம் வரும்வரை இருவரும் பேசிக்கொண்டே சென்றிருக்கிறார்கள். சீட்டு சட்டைப் பைக்குள்ளேயே இருந்துவிட்டது. ‘அந்த ஒரு மணி நேரத்தை உபாதானத்தில் எழுதுவதா, ஸ்வாத்யாயத்தில் எழுதுவதா?’ என்று கேட்கிறார். புதிய அட்டவணையின் அடியில் அதற்கென ஒரு வரிசை போட்டு, தலைப்பு எழுதும் இடத்தைக் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறார்.